சாவி, கட்டை, விசை

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் பூட்டைத் திறக்கும் பொருளுக்கு இரண்டு பெயர்கள். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அது சாவி. அதே தெருவில் மலையாளம் பேசும் வீட்டில் அது தாக்கோல். மலைக்கு மறுபுறம் மறையூரிலும் வண்டிப்பெரியாற்றிலும் இதே நிலைதான். எஸ்டேட் லயத்தில் சாவி, வெளியே அரசு அலுவலகத்தில் தாக்கோல். இரண்டும் எல்லாருக்கும் தெரியும், யாரும் குழம்புவதில்லை. இவற்றில் எது தமிழ் என்று கேட்டால் பெரும்பாலானோர் சாவி என்பார்கள். வேரைத் தோண்டினால் விடை மாறுகிறது. தாழ் என்றால் கதவின் தாழ்ப்பாள்; அதை நீக்கும் கோல் தாழ்க்கோல். ழகரம் கரைந்து அது தாக்கோல் ஆயிற்று. சாவியோ போர்த்துகீசியச் சொல். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த பிறகு அலமாரி, சன்னல், மேசை எனப் பல சொற்கள் அந்த மொழியிலிருந்து நம் இரு மொழிகளுக்கும் வந்து சேர்ந்தன. பூட்டுக்கு மட்டும் மலையாளம் பழைய கோலையும் விடாமல் பிடித்துக்கொண்டது. தமிழ் புதியதைக் கையில் எடுத்தது. போர்த்துகீசியர் முதலில் இறங்கிய கரையில் பழஞ்சொல் நிலைத்ததும், மலை தாண்டிய பக்கம் அது மங்கியதும் சொல்லாராய்ச்சியில் அடிக்கடி காணும் வியப்பு.

சாவிக்கு ஆங்கிலத்தில் கீ; கணினியின் பலகையில் இருக்கும் கீயைப் பற்றியது இந்தக் கட்டுரை. வாயில் அது கீ, அல்லது பட்டன். பாடப்புத்தகத்தில் அது விசை. அது ஏன் சாவி ஆகவில்லை? விசை என்ற பெயர் அதற்கு எப்படி வந்தது? இவற்றோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வி வருகிறது. ஜாவா மொழியில் முதல் நிரல் எழுதும் மாணவர் ஒரே ஒரு விசையைத் தட்டுகிறார். நிரல் அசையாமல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ‘என்டர் தட்டு’ என்கிறார். தட்டிய பிறகுதான் நிரலுக்கு உயிர் வருகிறது. விசையை அழுத்தியபோது வராத அந்த எழுத்து அதுவரை எங்கே இருந்தது? பெயரின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கும் பாதி விடை கிடைக்கும்.

இலத்தீனில் பூட்டின் சாவிக்குக் கிளாவிஸ் என்று பெயர். இடைக்கால ஐரோப்பாவின் இசையாசிரியர்கள் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளையும் கிளாவிஸ் என்றே அழைத்தார்கள். தேவாலயத்து ஆர்கன் கருவியில் விரலால் அழுத்தும் நெம்புகோல்களுக்கும் அந்தப் பெயர் பரவியது. பிரெஞ்சு மொழியில் விசைப்பலகை இன்றும் கிளாவியே. ஜெர்மன் மொழியில் கிளாவியர் என்றால் பியானோ. ஆங்கிலம் இலத்தீன் சொல்லை அப்படியே எடுக்காமல், சாவிக்குத் தன்னிடம் இருந்த சொல்லைப் போட்டுப் பெயர்த்துக்கொண்டது. அதுதான் கீ. ஆர்கனிலிருந்து பியானோவுக்கு, பிறகு தந்திக் கருவிக்கு, தட்டச்சுப்பொறிக்கு, கணினிக்கு என்று அது ஊர்ந்து வந்தது.

நம் சாவியின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல்லும் அதே கிளாவிஸின் பிள்ளை. இலத்தீன் தாய்க்குப் பிறந்தவற்றில் ஒன்று கொச்சி வழியாகவோ கோவா வழியாகவோ வந்து நம் இடுப்பில் சாவிக்கொத்தாகத் தொங்குகிறது. இன்னொன்று ஆர்கன் மேசையில் ஏறிக் கணினி வரை போனது. கணினிக் கீயைச் சாவி என்றும் பலகையைச் சாவிப்பலகை என்றும் நம் முன்னோர் பெயரிட்டிருந்தால் வேர்முறையில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் போர்த்துகீசியரே அப்படிச் செய்யவில்லை. பலகையில் இருப்பதை அவர்கள் தெக்லா என்கிறார்கள்.

கன்சோல் என்ற பெயரும் அதே தேவாலயத்தின் வழி வந்ததுதான். ஆர்கன் வாசிப்பவர் அமரும் இடத்தில், கைக்கட்டைகளும் கால்மிதிகளும் பொருந்திய மேசைப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் கன்சோல் என்று பெயர். பெரிய கணினிகள் வந்தபோது அவற்றை இயக்குபவர் உட்கார்ந்த மேசைக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. இன்று கருந்திரையில் எழுத்துகள் மட்டும் ஓடும் சாளரத்தை மாணவர்கள் கன்சோல் என்கிறார்கள்.

இனி பாலக்காட்டுக்குத் திரும்பலாம். செம்பை வைத்தியநாத பாகவதரும் எம்.டி.ராமநாதனும் பிறந்த மண் இது. இங்கே பாட்டு சொல்லிக்கொடுக்கும் வீட்டில் சுருதிப்பெட்டியைத் திறக்கும்போதே ஒரு கேள்வி வரும்: எத்தனை கட்டை? ஒரு கட்டை, ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பதில் வரும். இந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கீ. 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி, கல்கத்தாவில் துவாரகநாத் கோஷின் கையில் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கும் வடிவம் பெற்று, நாடகக் கொட்டகைகள் வழியாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. அதில் மரத்துண்டாக இருந்ததை நம் மக்கள் பார்த்தபடியே சொன்னார்கள்: கட்டை. சி என்ற சுரம் ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள். மூன்றரைக் கட்டை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. ஒரு கருவியின் படம் முழுதும் ஒரு பேச்சுவழக்கில் இப்படிப் பதிந்துபோவது அபூர்வம். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அந்த 31 ஆண்டுகளிலும், ஆர்மோனியத்தைத் தொடாத பாடகர்கள்கூடத் தம் சுருதியைக் கட்டையில்தான் சொன்னார்கள்.

இவ்வளவு வேரூன்றிய சொல் கணினிக்கு வந்திருக்கலாம். வரவில்லை. வந்திருந்தால் ஒரு தவறான எதிர்பார்ப்பையும் கூடவே கொண்டுவந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆர்மோனியத்தில் கட்டையைத் தொட்டதும் காற்று நாக்கைத் தடவுகிறது, சுரம் பிறக்கிறது. தொடுதலுக்கும் ஒலிக்கும் நடுவே யாரும் இல்லை. கணினியின் கன்சோலில் விரலுக்கும் நிரலுக்கும் நடுவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லும் முன் விசையைப் பார்த்துவிட வேண்டும்.

விசை பழைய சொல். சங்கப் பாடல்களில் அது வேகமும் பாய்ச்சலும் ஆகும். வில்லோடும் கவணோடும் சேர்ந்து வரும். குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காப்பவர் கவணில் கல்லை வைத்துச் சுழற்றி விடுவதில் இருப்பது விசை. வளைந்த வில் நாண் விட்டதும் நிமிர்வதில் இருப்பதும் விசை. இழுத்துப் பிடித்தது மீளும் வேகம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். விசைத்தல் என்றால் துள்ளி எழுதல். பழைய அகராதிகளில் இன்னொரு பொருளும் கிடைக்கிறது: தடவை. ஒரு விசை என்றால் ஒரு தடவை. ஒரு பாய்ச்சல், ஒரு வீச்சு என்பதே எண்ணிக்கையின் அலகாக மாறியிருக்கிறது. தட்டலைத் தட்டலாக எண்ண வேண்டிய நம் பொருளுக்கு இந்தப் பழம்பொருளும் பொருந்தி வருகிறது.

எந்திரங்கள் வந்தபோது விசை அவற்றோடு சேர்ந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு விசைத்தறியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோரத்தில் விசைப்படகு. இயற்பியல் பாடத்தில் மலையாளவழி மாணவர் ‘பலம்’ என்று படிப்பதைத் தமிழ்வழி மாணவர் விசை என்று படிக்கிறார். சாவிக்கும் விசைக்கும் ஒரு சந்திப்பும் நம் பேச்சில் உண்டு. கடிகாரத்துக்குச் சாவி கொடு என்கிறோம். சாவி கொடுத்த பொம்மை என்கிறோம். அங்கே சாவி எதையும் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் சுருளை முறுக்கி அதற்கு விசை ஏற்றுகிறது.

தட்டச்சுப்பொறியின் கீக்கு விசை என்ற பெயர் பொருந்தியது இதனால்தான். அழுத்தினால் தாழ்கிறது, விட்டால் சுருள்வில்லின் வேகத்தில் மேலே வருகிறது. தமிழ்த் தட்டச்சுப்பொறியின் முன்னோடி ஆர்.முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். அவர் வகுத்த முறையில் பிஜோ என்ற பொறியை ஜெர்மனியின் ஸைடல் அண்ட் நௌமான் நிறுவனம் செய்து தந்தது. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவதுதான் அவருக்கு முன் இருந்த சிக்கல். அதற்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து பதிந்து, தாள் ஏந்திய உருளை ஓரிடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் பதியும். உருளை அப்படியே நிற்கும். இகரக் குறியை முதலில் தட்டி, மேலே மெய்யின் வடிவைத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ஓர் எழுத்தாகும்.

இந்த நகரா விசையை நான் மிகப் பெரிய சிந்தனையாக மதிக்கிறேன். விசை வேறு, எழுத்து வேறு என்பதை இரும்பில் வார்த்துக் காட்டியது அது. ஒரு தட்டல் ஓர் எழுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு தட்டல் அடுத்த தட்டலுக்காகக் காத்திருக்கலாம். ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு கற்றவர்களுக்கு இது உறைப்பது அரிது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் விசையும் எழுத்தும் ஒன்றுக்கொன்று சமம். தமிழில் தட்டச்சு கற்ற நம் அக்காமார்களுக்கு இது விரல்பழக்கம்.

கணினியில் விரலுக்கும் நிரலுக்கும் நடுவே இருப்பவர்களை இப்போது பார்க்கலாம்.

முதலாமவர் விசைப்பலகைக்குள் இருக்கும் சிறு சில்லு. அதற்கு எழுத்து தெரியாது. எந்த விசை தாழ்ந்தது, எது எழுந்தது என்று மட்டும் தெரியும். 1981இல் வந்த ஐபிஎம் பி.சி.யின் பலகையில் ஆங்கில ஏ விசையைத் தாழ்த்தினால் 30 என்ற எண் போகும். விரலை எடுத்தால் 158 போகும். தாழ்த்தல் ஒரு செய்தி, மீளல் இன்னொரு செய்தி. அழுத்தலையும் மீளலையும் ஒரே சொல்லில் வைத்திருந்த விசை இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. ‘கீ’ என்ற சொல்லில் இந்த மீளல் இல்லை. ‘கட்டை’யிலும் இல்லை.

இரண்டாமவர் இயங்குதளம். 30 என்ற விசை எண்ணைச் சின்ன ஏ எழுத்தின் குறியெண்ணான 97 ஆக மாற்றுபவர். ஷிஃப்ட் சேர்ந்திருந்தால் 65. தமிழ்ப் பலகை தேர்ந்திருந்தால் வேறு எண்.

மூன்றாமவர்தான் மாணவரைக் காக்க வைப்பவர். அவருக்கு டிடிஒய் என்று பெயர்; டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. 1963இல் டெலிடைப் நிறுவனம் வெளியிட்ட மாடல் 33 என்ற தொலைத்தட்டச்சுப் பொறி நொடிக்குப் பத்து எழுத்து அனுப்பும். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது இவ்வகைப் பொறிகள்தான் அவர்களுக்கு விசைப்பலகையும் திரையும். காகிதத்தில் அச்சாகிவிட்ட எழுத்தை அழிக்க முடியாது. ஆகவே பிழையாகத் தட்டினால் # என்ற குறியைத் தட்டி முந்தைய எழுத்தை நீக்குவது, @ தட்டி வரி முழுவதையும் கைவிடுவது என்று விதி செய்தார்கள். பிழை திருத்தும் வாய்ப்பு வேண்டுமானால் வரி முடியும்வரை எழுத்துகளை எங்காவது வைத்திருக்க வேண்டும். அந்த ‘எங்காவது’தான் டிடிஒய்க்குள் இருக்கும் தேக்கம். பலர் பகிர்ந்துகொண்ட கணினியில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு நிரலை எழுப்புவது வீண் செலவு என்பதும் ஒரு காரணம். வரி முடிந்தது என்பதற்கு அடையாளம் ரிட்டர்ன். தட்டச்சுப்பொறியில் உருளையைத் தொடக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் செயலின் பெயர் அது. சில பலகைகளில் அதுவே இன்று என்டர். அந்தப் பொறிகள் காட்சிக்கூடங்களுக்குப் போய்விட்டாலும் லினக்ஸ் கணினியில் கன்சோலின் பெயர் இன்னும் டிடிஒய்தான்.

வரியாகத் தேக்கித் தரும் இந்த நிலையை யூனிக்ஸ்காரர்கள் ‘சமைத்தது’ என்றார்கள். தட்டியதைத் தட்டியபடியே தரும் நிலையை ‘பச்சை’ என்றார்கள். இந்தப் பெயர்களில் உள்ள தெளிவு பிறகு வந்த தரநூல்களின் பெயர்களில் இல்லை.

ஜாவா நிரல் ‘சிஸ்டம்.இன்.ரீட்’ என்று கேட்கும்போது அது கேட்பது டிடிஒய் சமைத்து வைத்ததை. என்டர் வரும்வரை அங்கே ஒன்றும் பரிமாறப்படாது. சின்ன ஏ தட்டி என்டர் தட்டினால் லினக்ஸில் 97, 10 என இரண்டு எண்கள் வரும். விண்டோஸில் 97, 13, 10 என மூன்று. 13 உருளை திரும்புவது, 10 தாள் ஒரு வரி ஏறுவது. ஒரு எழுத்து கேட்டால் மூன்று தடவை பதில் வருகிறதே என்று மாணவர் திகைப்பது தட்டச்சுப்பொறியின் இந்த இரண்டு அசைவுகளால்தான். ஸ்கேனர் வகுப்பைப் பயன்படுத்தினாலும் நிலை மாறாது. அதுவும் அதே தேக்கத்தின் கீழ்மடையில்தான் நிற்கிறது.

நம் கல்லூரிகளில் இது கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி நீலத்திரையில் நிரல் கற்ற தலைமுறை இது. அங்கே ‘கானியோ’ என்ற தலைப்புக் கோப்பில், அதாவது கன்சோல் உள்ளீடு வெளியீடு என்பதன் சுருக்கத்தில், ‘கெட்ச்’ என்று ஒரு கட்டளை இருந்தது. எந்த விசையைத் தட்டினாலும் அக்கணமே கையில் தரும். நிரலின் கடைசி வரியாக அதை எழுதாத மாணவரே கிடையாது. திரை ஓடி மறையாமல் நிற்க அதுதான் வழி. டாஸ் கணினியில் ஒரே ஆள், ஒரே நிரல். நடுவே யூனிக்ஸ்போல் சமைப்பவர் குறுக்கே வரவில்லை. அந்தப் பழக்கத்தோடு ஜாவாவுக்கு வருபவர் கெட்சைத் தேடுகிறார். கிடைப்பதில்லை.

கிடைக்காததற்குக் காரணம் ஜாவாவின் அடிப்படை வாக்குறுதியிலேயே இருக்கிறது. ஒரு தடவை எழுதினால் எந்தப் பொறியிலும் ஓடும் என்று சொல்லி 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வெளியிட்டது. பொறிக்குப் பொறி முனையம் மாறும். சிலவற்றுக்கு முனையமே இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவானது எண்களின் ஓட்டம் ஒன்றே என்று அந்த ஓட்டத்தை மட்டும் ஜாவா ஏற்றுக்கொண்டது. 2006 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பு கன்சோல் என்ற வகுப்பைத் தந்தது. கடவுச்சொல்லைத் திரையில் காட்டாமல் வாங்க அது உதவும். ஆனால் அதுவும் வரி வரியாகவே வாங்கும்.

(மொழியின் பெயர் பற்றி ஒரு குறிப்பு. ஜேம்ஸ் காஸ்லிங் முதலில் வைத்தது ஓக் என்ற மரப்பெயர். வணிக உரிமைச் சிக்கலால் அது மாறி, காப்பியின் பெயரான ஜாவா வந்தது. காப்பிக்கு அந்தப் பெயர் தீவிலிருந்து வந்தது. அந்தத் தீவை மணிமேகலையின் சாவகம் என்றே அறிஞர் பலர் கொள்வர். ஆபுத்திரன் மறுபிறவி எடுத்த நாடு அது. தமிழில் ஜாவாவுக்குப் பெயர் தேடுவோர் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.)

அப்படியானால் ஒற்றை விசையை ஜாவாவில் வாங்கவே முடியாதா? முடியும். நிரலைத் திருத்தி ஆகாது. டிடிஒய்யிடம் சொல்ல வேண்டும். லினக்ஸில் அதற்கு எஸ்டிடிஒய் என்ற கட்டளை இருக்கிறது. அதில் ஐகேனன் என்ற கொடியை இறக்கி, குறைந்த அளவு 1 என்று வைத்தால் தேக்கம் நீங்கும். எக்கோவையும் இறக்கினால் தட்டியது திரையில் தெரியாது. ஜாவாவின் ப்ராசஸ்பில்டர் மூலம் இந்தக் கட்டளையை ஓட்டலாம். அப்போது ஓட்டப்படும் செயலியின் உள்ளீடு அதே முனையத்தோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டளை முனையத்தைக் காணாமல் திரும்பிவிடும். வேலை முடிந்ததும் பழைய நிலைக்கு மீட்பது கட்டாயம். மீட்காமல் நிரல் நின்றால் கருந்திரையில் தட்டுவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது ‘எஸ்டிடிஒய் சேன்’ என்று குருட்டாம்போக்கில் தட்டி என்டர் அடித்தால் முனையத்துக்குத் தெளிவு திரும்பும்.

இதையெல்லாம் நமக்காகச் செய்து தரும் ஜேலைன் என்ற நூலகமும் உண்டு. 2017இல் ஜாவா ஒன்பதோடு வந்த ஜேஷெல் உள்ளுக்குள் அதைத்தான் பயன்படுத்துகிறது. 2024 மார்ச்சில் வந்த 22ஆம் பதிப்பில் பிறமொழிச் செயல்களை நேரே அழைக்கும் வசதி முழுமை பெற்றதால், சி மொழியில் ஒரு வரிகூட எழுதாமலே இயங்குதளத்திடம் பேச முடிகிறது. சாளரம் வைத்த நிரல் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஜாவா விசை தாழ்ந்தது, எழுத்து பிறந்தது, விசை எழுந்தது என்று மூன்று தனித்தனி நிகழ்வுகளாகவே சொல்லும். முத்தையா பிரித்துக் காட்டிய விசையும் எழுத்தும் அங்கே இரண்டு பெயர்களில் தனியே நிற்கின்றன.

தமிழில் தட்டினால் இன்னும் ஒரு படி இருக்கிறது. பச்சை நிலையில் முனையத்தை வைத்து, க என்று ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். சிஸ்டம்.இன்.ரீட் ஓர் எண்ணைத் தராது. 224, 174, 149 என்று மூன்று எண்கள் மூன்று தடவையாக வரும். யூனிகோடில் ககரத்தின் எண் 2965. அதை யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் மூன்று பைட்டுகள் ஆகின்றன. கொ என்றால் ஆறு பைட்டுகள். 224, 174, 149 என்ற ககரத்துக்குப் பின்னால் 224, 175, 138 என்ற ஒகரக் குறி. பழைய தட்டச்சுப்பொறியில் கொ எழுத ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று தட்டல்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 பலகையில் க, ஒ என இரண்டே தட்டல்கள். இலக்கணம் சொல்லும் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய். ஆக ஓர் எழுத்து, இரண்டு விசை, ஆறு பைட்டு. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வருவதால் அவற்றின் வேறுபாடு மறைந்தே கிடக்கிறது. தமிழில் மறைய இடமே இல்லை. கணினியியலின் இந்த அடிப்படையைத் தமிழ் எழுத்தை வைத்துக் கற்பிப்பது எளிது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எல்லைப் பள்ளிகளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. 1949 வரை சித்தூர் கொச்சி அரசின் பகுதியாக இருந்து வந்தது. பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபாரில். தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர்ப் பக்கம். இந்த மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்த தமிழர்கள் 1956 நவம்பர் 1 அன்று ஒரே மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கான தமிழ்வழிப் பள்ளிகளுக்குக் கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அதன் இடத்தில் இயங்கும் கைட் நிறுவனமும் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநாட்டியிருக்கின்றன. அதனால் வட்டவடையிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஓர் அரசுப் பள்ளிக் கணினியைத் திறந்தால் உள்ளே லினக்ஸ் இருக்கிறது, எஸ்டிடிஒய் இருக்கிறது, டிடிஒய் இருக்கிறது. நான் மேலே சொன்ன எண்கள் பலவற்றை அங்கேயே பார்க்கலாம். தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

அங்கே குறைவது சொல் ஒழுங்கு. வகுப்பில் கீ, பட்டன், எழுத்து, கேரக்டர் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று மாறி வருகின்றன. பக்கத்து மலையாள வகுப்பிலிருந்து ‘அமர்த்துக’ என்ற வினையும் வந்து கலக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை; இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைக்கு அது வரவுதான். ஆனால் மூன்று வேறு பொருள்களுக்கு ஒரே சொல் ஓடினால், ஒற்றைத் தட்டலுக்கு நிரல் ஏன் பதில் சொல்லவில்லை என்பதை எந்த ஆசிரியராலும் விளக்க முடியாது.

எல்லைப் பகுதித் தமிழாசிரியர்களிடமும் பாடநூல் எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள். தாழ்ந்து மீள்வதை விசை என்றே எழுதுங்கள். அதிலிருந்து பிறக்கும் எண்ணுக்குக் குறி என்று பெயர் வையுங்கள். என்டருக்குப் பின் நிரலின் கைக்கு வருவதை வரி என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் பாடநூலின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மாற்றாமல் ஆளுங்கள். வாயில் கீ என்றும் பட்டன் என்றும் சொல்கிற பிள்ளையைத் திருத்த வேண்டாம். அச்சில் மட்டும் இந்த ஒழுங்கு இருக்கட்டும்.